பதிமூன்றில் நிற்கும் முள்

12.5.83
வண்டி இன்று ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கரியாலூர் மலையில் வளைவுக்கு வளைவு காலை எடுத்தாக வேண்டுமே. அங்கே அணைந்தால்?

ஜூன் ஆறாம் தேதி கரியாலூர் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர வேண்டும். பள்ளி விடுவதற்குள் கடைசி பஸ் இறங்கிவிடுகிறது. அதற்காகத்தான் இவர் களமருதூர் ரைஸ்மில்லில் கோழி அடைந்து கிடந்த நாற்பத்தெட்டாம் வருஷத்துப் போர்டு வேனை வாங்கினார். திரும்பும்போது பலாப்பழம் ஏற்றினால் பெட்ரோலுக்கு ஆகுமாம். பம்புசெட் மெக்கானிக் பொன்னுரங்கம் — என் வீட்டுக்காரர் இவரேதான் — எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் புதிதாகக் கூட்டியிருக்கிறார். என் தலையெழுத்து அதற்குள் கிடக்கிறது.

மாமியார் சொல்லிவிட்டார். “வண்டி ஏறலன்னா வேலய உட்டுடு ராஜாம்பா. சோறில்லாமயா கெடக்கறோம்?”

14.5.83
சின்னசேலத்தில் ஒரு லாரி பட்டறையிலிருந்து வாக்குவம் மீட்டர் இரவல் வந்தது. எஞ்சின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும். முள் பத்தொன்பதில் நிற்க வேண்டும். பதிமூன்றில் நிற்கிறது. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதை — எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

“எவ்ளோ காட்டுது?”
“பதிமூணுங்க.”
“நல்லா பாரு.”
எனக்கென்ன கண் அவிந்தா போயிற்று?

17.5.83
பதிமூன்று.

21.5.83
இந்தப் பழைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் கீழே. மேலே இருக்கும் தட்டைத் தலை வெறும் மூடி. அந்த மூடியை மூன்றாம் முறையாகக் கழற்றினார். வால்வு தேய்த்தார். கேஸ்கட் மாற்றினார். மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தார், உறிஞ்சுகிற இடம் தெரியும் என்று. எண்ணெய்தான் வீண்.

பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்: “இது ஓடணும்னு நெஜமாவே உங்களுக்கு நெனப்பு இருக்கா? இல்ல, அத்த சொல்றமாரி நான் வூட்டோட கெடக்கணுமா?”

“நான் இன்னா வெளையாடிக்கினா இருக்கேன்?” ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போனார். சாப்பிட வரவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ? கேட்காமல் எப்படி?

29.5.83
நான் வேலையை விட்டுவிட்டதாக மாமியார் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. இவர் என்னோடு பேசுவது முள்ளைப் பற்றி மட்டும்.

2.6.83
கச்சிராயபாளையம் வரை ஓட்டிப் பார்த்தோம். வழியெல்லாம் அணைந்தது. திரும்பும்போது கோடை மழை. வைப்பரைத் திருப்பினார். அசையவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து இன்றுதான் அதைத் தொட்டிருக்கிறோம்.

“அதுக்குத் தனி மோட்டார் கெடையாது. எஞ்சின் இழுக்கற காத்துலதான் ஆடும். ஒரு டியூபு போவுது” என்றார்.

டியூப் எங்கே போகிறது? காதை வைத்தேன். டாஷ்போர்டில் அய்யனார் படம் மாட்டிய இடத்துக்குப் பின்னால் — உஸ்ஸென்று ஒரு சத்தம். கீழே கையை விட்டு ரப்பர் டியூபைத் துழாவி, இறுக்கி நசுக்கினேன். எஞ்சினின் நடுக்கம் சட்டென்று அடங்கியது.

“கால எடுங்க!”
எடுத்தார். அணையவில்லை.

வண்டி வந்த அன்றே, அம்மா சொன்னார் என்று இவரே டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கி மாட்டிய படம். ஸ்க்ரூ டியூபைக் குத்திக் கிழித்திருக்கிறது. மூன்று முறை மூடியைக் கழற்றிய மனுஷன்! சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

3.6.83
புது டியூப். பத்தொன்பது! அய்யனாரை இந்த முறை கோந்து போட்டு ஒட்டினோம்.

“அய்யனார வச்சதாலதான் ஓடுது, பாத்துக்கினியா?” என்றார் மாமியார். இவர் கோந்து டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

6.6.83
சேர்ந்துவிட்டேன். மழையில் மலை ஏறும்போது வைப்பர் தூங்கித் தூங்கி ஆடியது. இறங்கும்போது தலைதெறிக்க ஆடியது. மேட்டில் எஞ்சினின் உறிஞ்சல் குறையும், இந்த வண்டிக்கு அதுதான் சுபாவம் என்றார் இவர். பின்னால் பலாப்பழ வாசனை. ஒரு வளைவில்கூட அணையவில்லை.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “காலையில எத்தினி மணிக்குக் கெளம்பணும்? சோறு கட்டணும்ல?”