பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அளந்தால் வராமல் என்ன செய்யும்?

இன்றும் சார்ட் சுத்தம். மணிக்கு ஐந்து இரும்புப் பின் எடுத்து அளந்து, சராசரியைப் புள்ளியாக வைத்துக் கோடு இழுக்கிறேன். பதினோரு வருடமாக இதே வேலை. பின் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். 12.05 வரை போகலாம். அதைத் தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். என் ஷிப்டில் மெஷின் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. "உங்க சார்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம்மா" என்று சூப்பர்வைசர் வழக்கம்போலச் சொன்னார்.

இரண்டு மணிக்குச் சின்னவளிடம் பின் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மெஷின். எனக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு, அவளுக்கு இரண்டிலிருந்து பத்து. வார நாளில் நாங்கள் முகம் பார்த்துப் பேசுவது ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்தான். இன்று அதுவும் இல்லை. குழாயைத் திறந்து போட்டது யார் என்று நேற்று மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை.

மார்ச் 6, வியாழன்

புகார் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி நிறுத்திப் பூட்டுவது எங்கள் பின்தான். பின் பருத்திருந்தால் துளைக்குள் முழுதாக இறங்காது. பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது. ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறார். கம்பியோடு விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மிச்சம் இருந்த பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருநூறு பின்னில் ஒன்பது பருமன்.

மேலாளர், அளவு தப்பிய பின்களை எழுதும் கழிவுப் பதிவேட்டைப் புரட்டினார். என் ஷிப்டைப் போல மூன்று மடங்கு கழிவு சின்னவளுடையதில். போதாததற்கு அவள் அடிக்கடி மெஷினை நிறுத்துகிறவள். "கோளாறு ரெண்டாவது ஷிப்ட்லதான்" என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. உண்மை அதுதான், எழுதிவிடுகிறேன். சீ.

மார்ச் 7, வெள்ளி

சின்னவள் சாப்பிடாமல் வேலைக்குப் போனாளாம். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து புள்ளிவிவரம் பார்க்கிறவர் வந்தார். அதற்குள் எல்லோரும் 'புள்ளிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெல்லிய குரல், மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. என் சார்ட்டை வெகுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நானும் நிமிர்ந்து நின்றேன்.

"சராசரியை விடுங்கம்மா. மூணு மாசத்துல எந்த அளவு எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணிக் குடுங்க. ரெண்டு ஷிப்டும் தனித்தனியா" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சின்னவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு. கொழுந்தன் ஆறு மாதமாக வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நல்ல ஆளைப் பிடித்தார்கள் எண்ணுவதற்கு.

மார்ச் 12, புதன்

எண்ணி முடித்தேன்.

சின்னவளுடைய அளவுகள் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து போகின்றன. 12.05-இல் முப்பத்தொன்று, 12.06-இல் பதினொன்று, 12.07-இல் இரண்டு. 12.05-ஐத் தாண்டியதைப் பார்க்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்தியிருக்கிறாள்.

என்னுடையது 12.04-இல் ஐம்பத்திரண்டு. 12.05-இல் நூற்று நாற்பது. 12.06-இல் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலும் இல்லை. சுவர் வைத்து அடைத்தது போல நிற்கிறது.

இரும்பு ஒன்று, மெஷின் ஒன்று. மெஷினுக்கு என்னைக் கண்டால் மட்டும் பயமா?

திரும்ப எண்ணினேன். அதே நூற்று நாற்பது.

மார்ச் 13, வியாழன்

இன்று என் கையை நானே கவனித்தேன்.

மைக்ரோமீட்டரின் நுனியில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் டிக், டிக், டிக் என்று மூன்று முறை சத்தம் வரும். அங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். அதுதான் முறை. பத்து மணிக்கு எடுத்த பின் 12.06 காட்டியது. என் விரல் தானாக நகர்ந்து, திருகை விட்டு உருளையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கியது. 12.05. எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன்.

தானாக நகர்ந்ததாமே! யார்கிட்ட கதை விடற? மெஷின் நின்னா சூப்பர்வைசர் கத்துவார், லைன்ல அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க, ஃபிரேம் போட்ட பேரு போயிடும் — அதுக்குத்தானே? அதுக்காக ஒரு மனுஷன் கை ஒடஞ்சு கெடக்காரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நூலளவு விஷயம். தாளை மாத்தி எழுதிடு. உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுலதான்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மாற்றாமல் கொடுத்துவிட்டேன்.

புள்ளிக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். "அந்த 12.05 பாதிக்கு மேல பொய் சார். நான் இறுக்கினது."

அவர் மேலாளர் பக்கம் திரும்பி, "மெஷினை நிறுத்தினவங்களைத் திட்டற இடத்துலதான் சார் இப்படிச் சுவர் வரும்" என்றார். மேலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் தப்பித்தாள். திங்கள் முதல் நான் பேக்கிங். வேலை போகவில்லை, அளக்கும் வேலைதான் போனது. அழுகைகூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

சின்னவள் மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். அவளுக்கு என் வாயால் தெரியட்டும் என்று.

"தெரியும்கா" என்றாள்.

"நேத்து யாராவது சொன்னாங்களா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். ரெண்டு மணிக்கு நீங்க வச்சிட்டுப் போற பின் ட்ரேயை முதல்ல அளந்துடுவேன். பருமனா இருக்கறதை எடுத்து என் கணக்குல கழிவுன்னு எழுதிடுவேன். காலையிலயே பெட்டி கட்டிப் போனதைத்தான் பிடிக்க முடியல."

மூன்று மடங்கு கழிவு. அது அத்தனையும் என்னுடையது.

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லிட்டு அதே வீட்ல உங்க முகத்தை எப்படிக்கா பாக்கறது?" ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நான் அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பெரியவர் விழுந்திருக்க மாட்டார் இல்ல?"

மிச்சம் இருந்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்தோம்.

மார்ச் 17, திங்கள்

பேக்கிங்கில் முதல் நாள். அட்டை கிழித்து விரல் எரிகிறது.

இரண்டு மணிக்குக் கிளம்பி வாசல் வரை வந்தபோது மெஷின் சத்தம் நின்றது. சின்னவள் நிறுத்தியிருக்கிறாள். 12.06. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" என்று சூப்பர்வைசர் கத்த ஆரம்பித்தார். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். மெஷினைச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. என் பஸ் போய்விட்டது.