மைக் இரண்டு எங்கே போகிறது

ஆகஸ்ட் 10, திங்கள்

பகல் முழுக்கக் கச்சான் காற்று. உதடு வெடித்துவிட்டது. இரசாயனவியல் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். உம்மா விரித்துப் பார்ப்பது முன்பக்கம் மட்டும். போன் வெளிச்சம் போர்வைக்குள்.

காக்கா, கூடப்பிறந்த அண்ணன், கடைசியில் இன்டர்பேஸ் வாங்கச் சம்மதித்துவிட்டான். மைக்கில் பாடுவதைப் போனுக்கும் லெப்டொப்புக்கும் கொண்டுபோகும் பெட்டி. மூன்று கிழமையாக அதைப் பற்றித் தேடியது நான். ரிவியூ பார்த்தது நான். எது எங்கே போகும் என்று படம் வரைந்தது நான். ஊருக்குச் சொல்லப்போவது, "நான் தெரிஞ்செடுத்த பெட்டி" என்று அவன்.

தேவை:
– மைக் 2. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு.
– வெளியே போகும் வழி 2, தனித்தனியாக. ஒன்று லைவுக்கு. மற்றது அவன் ஹெட்போனுக்கு.
– எந்த மைக் எந்த வழியால் போவது என்று நாங்களே பிரிக்க முடிய வேண்டும். இதுதான் முக்கியம்.

ஏன் என்று இங்கே மட்டும் எழுதலாம். காக்காவுக்குச் சுருதி நிற்காது. வெள்ளிக்கிழமை தோறும் அவன் லைவில் இஸ்லாமிய கீதம் பாடும்போது, நான் நெல் மூட்டை அறைக்குள் கதவை மூடிக்கொண்டு அவன் காதுக்குள் பாடுவேன். அதைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே பாடுவான். இதுவரை வட்ஸ்அப் கோலில். அரைச் செக்கன் பிந்தும்.

ஒன்பதாம் ஆண்டில் மீலாத் போட்டியில் எனக்கு முதலிடம். அதன் பிறகு மேடை இல்லை. பெரிய பிள்ளை, அந்நிய ஆண்கள் கேட்கக்கூடாது. சரி. அவன் காது அந்நியமில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

கல்முனையில் சாமான் கடை. உம்மா, காக்கா, நான். நல்ல வெயில்.

நான் கேட்டேன்: "இதுல ரெண்டாவது மைக்க ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பலாமா?"

கடைக்காரர் காக்காவைப் பார்த்துப் பதில் சொன்னார். "தம்பி, இது லைவுக்கெண்டே வந்த சாமான். எல்லாம் கலந்து ஒண்டாப் போகும். கைதட்டுற பட்டனும் இரிக்கி." அமத்திக் காட்டினார். கைதட்டல். அடுத்த பட்டன், சிரிப்பு. கலர் கலராக லைட்.

"கலந்து போனா நமக்குச் சரிவராது காக்கா."

"யூடியூப் பாத்துப் பாத்து ஒனக்கு மண்ட வீங்கிட்டு. அந்தக் கறுப்புப் பெட்டியில என்ன கிடக்கு? ஒரு லைட்டுக்கூட இல்ல."

கறுப்புப் பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள். நாலு உள்ளே, நாலு வெளியே. லெப்டொப்பில் கட்டம் போட்ட தாள் மாதிரித் திறக்கும். வேண்டிய கட்டத்தில் டிக் போட்டால் சத்தம் அந்த வழியால் மட்டும் போகும். கைவிரல் அடையாளம் பதிய அந்தக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

உம்மா: "அவன்ட விருப்பத்துக்கு வாங்கட்டும் புள்ள. அவன்தானே பாடுறவன்."

அவன்தானே பாடுறவன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

எழுத்து கோணல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு லைவ். பக்கத்து வீட்டுத் தறி நிற்கும்வரை காத்திருந்தோம். அவன் வாங்கிய இந்த லைட் பெட்டியில் எல்லாம் கலந்து போகும், பாடமாட்டேன் என்றேன், மூன்று தரம்.

"மெல்லப் பாடு. ஆருக்கும் விளங்காது. ரெண்டாவது பாட்டு எனக்கு ஏலாது, மானம் போகும்."

மெல்லத்தான் பாடினேன். இரண்டாவது பாட்டில் அவன் சறுக்கினான். பழக்கதோஷம், அவனைத் தூக்கிவிட நான் குரலை உயர்த்தினேன். அது என் பிழை. அது மட்டும்தான் என் பிழை.

கொமென்ட்:
"பின்னால பாடுற பொம்புள ஆரு?"
"அவ இவரவிட நல்லாப் பாடுறா."

அவன் பதறி ஒரு பட்டனை அமத்தினான். சிரிப்புப் பட்டன். நபி மீது சொல்லும் ஸலவாத்து நடுவில் ஒரு கூட்டம் ஆட்கள் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 15, சனி

கட்டாரிலிருந்து வாப்பாவின் கோல், லைவ் அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஸ்பீக்கரில்.

காக்கா: "நான் வேணாமெண்டுதான் சொன்னன் வாப்பா. இவள்தான் இடையில பூந்து பாடினவள்."

உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. உம்மாவுக்கு எல்லாம் தெரியும். தலை நிமிரவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டையைத் துருவினா.

வாப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மகள், நல்ல குரல்தான். அதனாலதான் சொல்றன். இனி அந்த அறைக்குப் போகப்படாது."

மேடை போனபோது அழுதேன். இன்று அழுகை வரவில்லை. அந்த மூட்டை அறை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தலையணையைக் கடித்தேன். வாயில் பஞ்சு.

ஆகஸ்ட் 19, புதன்

ரியூசன். இரசாயனவியல் வினாத்தாளில் 41 புள்ளி. காற்று இல்லை, புழுக்கம்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் கறுப்புப் பெட்டி. மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வாப்பாவிடம், "லெப்டொப் பாக்க ஆள் வேணும், இவளுக்குத்தான் தெரியும்" என்று அனுமதியும் வாங்கியாயிற்று. காதுக்குள் நான் பாடுவதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்?

"செட் பண்ணித் தா. இனி உன்ட குரல் எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

இரண்டு முறை சொன்னான், சந்தோஷமாக. மன்னிப்புக் கேட்பான் என்று நின்றேன். பெரிய பிஸ்கட் பக்கெட் ஒன்று தந்தான். சாப்பிடவில்லை. (பிறகு நாலு சாப்பிட்டேன்.)

ஆகஸ்ட் 21, வெள்ளி

மூட்டை அறை. வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலில் விளைந்த நெல் சுற்றிவர. சத்தம் எதிரொலிக்காது, வெளியேயும் போகாது. முன்னறையில் காக்கா, போனுக்கு முன்னால், புதுத் தொப்பி.

சோதித்தபோது எல்லாம் சரி. லைவுக்கு ஒரு நிமிடம் இருக்க ஒரு டிக்கை எடுத்தேன்.

மைக் 1 – லைவ்: டிக்.
மைக் 1 – அவன் ஹெட்போன், என் ஹெட்போன்: டிக்.
மைக் 2 – லைவ்: வெற்று.
மைக் 2 – அவன் ஹெட்போன்: வெற்று.
மைக் 2 – என் ஹெட்போன், என் பதிவு: டிக்.

முதல் வரியிலிருந்து பாடினேன். மெல்ல இல்லை. குரல் நடுங்கவில்லை.

அவன் இரண்டாவது பாட்டில் விழுந்தான். எழும்பவில்லை. "நெட் சரியில்ல" என்று பாதியில் நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "காதுக்குள்ள நீ வரல்லயே."

"வெளிய போகப்படாதெண்டீங்க. போகல்ல."

லெப்டொப்பைக் குனிந்து பார்த்தான். கட்டங்கள் அவனுக்கு விளங்கவில்லை. "வாப்பாட்டச் சொல்லுவன்."

"என்னண்டு சொல்லுவீங்க? காதுக்குள்ள நான் பாடல்ல எண்டா?"

தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். உம்மா வாசலில் நின்றா. உள்ளே வரவில்லை.

இப்போது பதிவைக் கேட்கிறேன். ஹெட்போன் ஒரு காதில் மட்டும், மற்றக் காது காலடிச் சத்தத்துக்கு. அடுத்த வெள்ளி என்ன செய்வான் தெரியாது.

மூன்றாவது பாட்டில் மூச்சு எடுத்த இடம் பிழை. திருத்த வேண்டும்.