மலைவீட்டுக்கு இரண்டு நாள்

ஜூன் 2, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது. மலைமேல் தனி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல். அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது, போனுக்கு சிக்னல் கிடையாது. மழைக்காலம் என்பதால் பாதி வாடகை. கார் நடுவழியில் நின்றுவிடுமாம், மீதியை ஏறித்தான் போக வேண்டும், அதனால்தான் இந்த விலை என்று வீட்டுக்காரம்மா மறைக்காமல் சொன்னார். "காலு நல்லா இருந்தா போதும்மா." எங்கள் காலுக்கு என்ன கேடு?

கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஓர் இடத்துக்குப் போனதில்லை. அவருக்குக் கல் பட்டறை. சமையல் மேடைக்கு அளவெடுத்துக் கல் அறுக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. எனக்குப் புகார் அறை. வாட்டர் ஹீட்டர் கம்பெனிக்கு வருகிற வசவையெல்லாம் நாள் முழுக்கக் காதில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் பாதி ஆள்தான். இந்த இரண்டு நாளாவது அவரை முழுசாகப் பார்க்க ஆசை.

சொன்னேன். "ஏறிப் போகணுமா?" என்று கேட்டார். பிறகு "போலாம்" என்றார்.

ஜூன் 5, வெள்ளி

முன்பணம் அனுப்பியாகிவிட்டது. ஜூலை நான்கும் ஐந்தும். புதுப் போர்வை வாங்கினேன். இந்த வயதில் என்ன தேனிலவு என்று அக்கா போனில் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

பட்டறையிலிருந்து வந்ததும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுகிறார். நேற்றும் அப்படித்தான். எங்கே என்றால், "சும்மா... நடந்துட்டு வரேன்." நடுவில் நின்றது அந்தப் பேச்சு.

என் வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். உண்மை சொல்கிறவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியைச் சொல்கிறவர்கள் கதை கட்டுகிறார்கள். புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டிலும் காது மூடிக்கொள்ளுமா?

ஜூன் 11, வியாழன்

வாசலில் காவல்காரரிடம் சும்மாதான் கேட்டேன், எந்தப் பக்கம் போனார் என்று. "சார் வெளியவே போகலயேம்மா. மேலதான் ஏறிப் போனாரு."

நாங்கள் இருப்பது முதல் மாடி. மேலே யார் இருக்கிறார்கள் அவருக்கு? நான்காம் மாடியில் தையல்காரி இருக்கிறாள். தனியாக.

ஜூன் 14, ஞாயிறு

வேர்த்து விறுவிறுத்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கே போனீர்கள் என்று நேராகவே கேட்டேன். "கடைவீதி... வரைக்கும்... போயிருந்தேன்." என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். எவ்வளவு துணிச்சல்.

படுக்கைக்கும் வருவதில்லை. உள்ளே புழுக்கமாம், கூடத்து நாற்காலியில் சாய்ந்தே தூங்குகிறார். என் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

ஜூன் 17, புதன்

பயணத்தை ரத்து செய்யப்போவதில்லை. அங்கே வைத்துத்தான் கேட்கப்போகிறேன். வீட்டுக்காரம்மாவிடம் இதைவிட உயரத்தில் வீடு இருக்கிறதா என்று விசாரித்தேன். உச்சியில் ஒன்று காலியாம், வாடகையும் அதேதானாம். அதையே போடச் சொல்லிவிட்டேன். நினைத்தவுடன் எழுந்து ஓடிவர முடியாத இடமாக இருக்கட்டும்.

அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றார்.

ஜூன் 18, வியாழன்

தையல்காரி படியில் எதிரே வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

எப்படி எழுத?

இன்று அவர் பின்னாலேயே போனேன். செருப்பில்லாமல், சத்தம் வராமல். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

மூன்றாம் மாடி தாண்டி, படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரில் தலை சாய்ந்து, வாய் திறந்து, நெஞ்சு மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. உதடு நீலமாக இருந்தது. தையல்காரி தண்ணீரோடு பக்கத்தில் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "தினமும் இப்படித்தாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுறாரு. அன்னைக்கு சொல்ல வந்தேன், நீங்கதான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனீங்க."

பையைத் தூக்கினேன், தூக்க வரவில்லை. உள்ளே பட்டறையின் உடைந்த கல் துண்டுகள்.

"பழகிட்டா... மலை... ஏறிடலாம்னு... பார்த்தேன்."

பொய் இல்லை. மூச்சு. இத்தனை நாளும் மூச்சுதான். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன். உச்சி வீட்டைக் கேட்டு வாங்கினேனே, பாவி.

ஜூன் 25, வியாழன்

கல்தூசி. இத்தனை வருஷம் கல் அறுத்த தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. நான் பால்கனியில் தட்டி உதறுவேனே அவர் சட்டையை, அதே வெள்ளைத் தூசி. போனது போனதுதான், மிச்சத்தை எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும் என்றுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மலை என்று நான் வாயெடுத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "முதல் மாடியே அதிகம்மா."

அவருக்கு முன்பே தெரியும். மலைப் பேச்சு எடுப்பதற்கு முன்பே டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "மலைன்னு சொன்னப்ப உன் முகம்... எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ஜூன் 30, செவ்வாய்

புகார் போனில் ஒரு பெரியவர் பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றது. பக்கத்தில் இருந்த புதுப்பெண் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள், நான் சொல்லிக்கொடுத்த பாடம். "அவசரமே இல்லைங்க, நின்னு நின்னு சொல்லுங்க" என்றேன். அவர் வைத்த பிறகு கழிப்பறையில் போய் அழுதேன்.

ஜூலை 4, சனி

ஆஸ்பத்திரி. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். புதுப் போர்வையை அவர் காலில் போர்த்தியிருக்கிறேன். மூக்கில் குழாய். தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்திலிருந்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். வரவில்லை என்று சொல்ல மறந்தே போயிருக்கிறேன். மழை விட்டிருக்கிறது, அடுப்பு மூட்டி வைத்திருக்கிறேன், எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். இவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றேன். பாவம், நல்ல மனுஷி. முன்பணம் எங்கும் போகாது, வேறு தேதி சொல் என்றார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன். "டிசம்பர்னு... சொல்லு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இனி எந்த மலையும் கிடையாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

டிசம்பர் என்றேன். கீழ் வீடா, உச்சி வீடா என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"உச்சி வீடே இருக்கட்டும்மா, அவரு நல்லா ஏறுவாரு, அங்கேர்ந்துதான் எல்லாம் தெரியும்னு சொல்லிட்டே இருக்காரு."

எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் சொன்னேன்.