செங்கல்லில் பேர் எழுதுவார்களா

அக்டோபர் 9, திங்கள்

இன்று எக்ஸ்ரே அறையில் பதினேழு நெஞ்சுப் படம், ஒரு முழங்கை. நரின் ஊருக்கே இருமல் வந்திருக்கிறது. பதிவு மேஜையில் உட்காரும் பெரிசாத் டீ ஊற்றிக்கொண்டே, "என்னடி, உன் பொம்மை ஆட்டம் வந்துடுச்சா?" என்றாள்.

வந்துவிட்டது. மூன்று குளிர்காலம், பத்தொன்பது பேர், பதினோராயிரத்து நானூறு வரி. 'பனிக்கணவாய்' இன்று முதல் கிர்கிஸ் பேசுகிறது. ரஷ்ய மொழியில் நான் நான்கு தடவை முடித்த கணினி ஆட்டம். எங்கள் மலை, எங்கள் வணிகக் கூட்டம், எங்கள் குதிரைகள், ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் ரஷ்யன் பேசுவார்கள். அந்த எரிச்சலில் ஆரம்பித்த மொழிபெயர்ப்பு இது.

முப்பத்தெட்டு வயதுப் பெண் கேம் ஆடுகிறாள் என்றால் இந்த ஊருக்குச் சிரிப்பு. சந்தைப் பக்கம் நாள் முழுக்கச் சீட்டாடும் ஆம்பிளைகளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. போகட்டும். இன்று எனக்குக் கோபமில்லை.

அக்டோபர் 11

இன்று இருக்கிறது.

ஆட்டத்தைத் திறந்தேன். செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான் முதலில் பார்த்தேன், யார்தான் பார்க்க மாட்டார்கள்? 'கிர்கிஸ் மொழிபெயர்ப்பு: தாலாய்பெக்.' அவ்வளவுதான். கீழே தள்ளிப் பார்த்தேன். மறுபடி மேலே போனேன். ஒரே ஒரு பேர்.

மூடிவிட்டேன். ஆடவில்லை. ஆட மனசு வரவில்லை.

தாலாய் தலைநகர் பிஷ்கெக்கில் இருப்பவன். கேம் வீடியோ போடுகிறவன், நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். ஊர்கூடிச் செய்கிற வேலைக்கு, எங்கள் பேச்சில் அஷாருக்கு, கூப்பிட்டது அவன்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அரட்டைக் குழுவுக்கே 'அஷார்' என்றுதான் பேர் வைத்தான். ஒருத்தன் வீடு கட்டினால் தெருவே இறங்கி மண் குழைத்துச் சுவர் எழுப்பிக் கொடுப்பது போல நாங்களும் இறங்கினோம். என் பங்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு வரி. படம் கழுவ வைத்துவிட்டு இரண்டு வரி, மதியச் சோற்றுக்கு நடுவில் நாலு வரி. ஊரே கட்டிய வீட்டுக்கு வாசலில் இவன் பேரா?

அக்டோபர் 12

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

அக்டோபர் 13

ஜார்லிக் காலையில் செய்தி அனுப்பியிருந்தான்: அப்பா அட்-பாஷியிலிருந்து நெஞ்சுப் படம் எடுக்க வருகிறார், பாத்துக்கோங்க அக்கா என்று. ஜார்லிக் எங்கள் பத்தொன்பதில் ஒருவன். மாஸ்கோவில் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். இடைவேளையில் கைபேசியிலேயே இரண்டாயிரம் வரி செய்தவன். என்னைவிட அதிகம். நேரில் பார்த்ததே இல்லை.

அவன் அப்பா அசில்பெக் ஐயா நெட்டையாக, வெள்ளைத் தொப்பியோடு வந்தார். மூச்சை இழுங்க, விடாதீங்க, ஆச்சு. நுரையீரல் சுத்தம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீயும் அந்தக் கணினி வேலையில இருந்தவதானே?"

ஆமாம் என்றேன்.

"எம்பையனும் இருந்தானா?"

இதென்ன கேள்வி என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக மகன் ஒவ்வொரு தொலைபேசியிலும் சொல்லியிருக்கிறான், 'அப்பா, நான் சும்மா ஆடிட்டு இருக்கல, எழுதறேன், ஒருநாள் பேர் வரும்' என்று. புதன்கிழமை பக்கத்து வீட்டு ஆசிரியையின் கணினியில் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார். வேறு எவனோ பேர் இருந்தது.

"அவன் பொய் சொல்ற பையன் இல்ல," என்றார். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, "முன்னாடியெல்லாம் இல்ல," என்றார்.

ஐயா, அவன் இரண்டாயிரம் வரி எழுதினான், நான் பார்த்தேன் என்றேன். தலையாட்டினார். மகனின் சிநேகிதிக்கு வேறென்ன சொல்லத் தெரியும் என்கிற தலையாட்டல்.

அக்டோபர் 14

எழுதிவிட்டேன். கேம் ஆடுகிறவர்களின் பெரிய இணைய மன்றத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில். பத்தொன்பது பேர் உழைப்பை ஒருத்தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் என்று. கடைசி வரி: 'அஷாருக்கு வந்தவர்களிடமே திருடியவனை நம் ஊரில் என்ன சொல்வோம்?'

மாலைக்குள் இரண்டாயிரத்து முந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என்னோடு ஒத்துப்போனதே இல்லை. நல்லா இருந்தது. ஏன் பொய் சொல்லணும், ரொம்ப நல்லா இருந்தது.

தாலாய் ஒரே ஒரு பதில் போட்டான். "அக்கா, முதல்ல நாலாவது அத்தியாயம் வரைக்கும் ஆடிப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

என்ன திமிர். நாலாவது அத்தியாயத்தில் பாதி நான் மொழிபெயர்த்தது! வரி ஆறாயிரத்து இருநூறில் தொடங்குகிறது, சத்திரக்காரி கதவைத் திறந்து 'குதிரையை வெளியே கட்டு' என்பாள். நாலு தடவை முடித்தவளிடம் போய் ஆடிப் பார் என்கிறான். சின்னப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை நீட்டுவது மாதிரி.

அக்டோபர் 16

இந்த மன்றத்து ஜனங்களைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். 'இலவசமா செஞ்ச வேலைக்கு எதுக்கு அழுகை' என்று ஒருவன். 'அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆகல போல' என்று இன்னொருவன். ஆகி, முறிந்து, அதையும் மறந்தாச்சு தம்பி. மூன்றாமவன், கிர்கிஸ் மொழியில் யார் ஆடப்போகிறார்கள் என்று கிர்கிஸ் மொழியிலேயே கேட்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நல்ல ஆட்டம் உட்காரவைத்துப் பொறுமை கற்றுக்கொடுக்கும். பனியில் ஒரு குதிரையைக் காப்பாற்ற நாற்பது நிமிஷம் போராடியிருக்கிறேன். அந்த ஆட்டத்தைச் சுற்றிக் கூடுகிற கூட்டத்துக்கு நாலு நிமிஷப் பொறுமை கிடையாது. ஆடுகிறவர்களைவிட ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். எவனும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்.

அக்டோபர் 19

தாலாயின் அம்மாவின் தொலைபேசி எண்ணை யாரோ கண்டுபிடித்துப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் கூப்பிட்டு, திருடனைப் பெத்தவளே என்று சொல்லியிருக்கிறார்கள். 'புருல் அக்காவுக்காக' என்று சொன்னார்களாம்.

எனக்காகவா? நான் அப்படிச் செய்யச் சொன்னேனா? நிறுத்துங்கள் என்று எழுதினேன். ஏழு பேர் பார்த்தார்கள்.

பெரிசாத்திடம் சொன்னேன். "நீ சொல்லலடி. நீ தீக்குச்சி மட்டும்தான் குடுத்த," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவன் வீடியோப் பக்கத்தை மூடிவிட்டான்.

அக்டோபர் 21

இருந்தாலும் அவன் செய்தது தப்புதானே? அதை ஆதாரத்தோடு நிரூபித்தால் என் மனசு ஆறும் என்று அஷார் குழுவின் பழைய செய்திகளைத் தோண்ட உட்கார்ந்தேன். செப்டம்பர், ஜூலை, மே என்று பின்னால் போனேன்.

மார்ச் 6. தாலாய்: 'கம்பெனிக்காரங்க பேர்ப் பட்டியல் கேக்கறாங்க. எல்லாரும் முழுப் பேரும் கையெழுத்துப் போட்ட காகிதமும் அனுப்புங்க. கையெழுத்து இல்லாத பேரைப் பட்டியல்ல போட மாட்டாங்களாம்.'

அதற்குக் கீழே பதில். அஞ்சே நிமிஷத்தில் போட்ட பதில்.

'தம்பி, அஷாருக்கு வந்தவங்க செங்கல்லுல பேர் எழுதுவாங்களா? கட்டினோம், போனோம். என் பேரெல்லாம் வேண்டாம்.'

பதினாறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். எழுதியது நான்.

படித்தேன். இது வேறு யாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் படம்தான், என் பேர்தான். என்ன கெத்து! அன்றைக்கு என்ன சாப்பிட்டேனோ. அதற்கப்புறம் ஒருவர்கூடப் பேர் அனுப்பவில்லை. எப்படி அனுப்புவார்கள்? மூத்தவள் ஒருத்தி பெருந்தன்மையாக வேண்டாம் என்று சொன்ன பிறகு, எனக்கு வேண்டும் என்று எந்தக் கிர்கிஸ் வாய் திறக்கும்?

என் பதிலுக்குச் சரியாக மேலே ஒரு சாம்பல் வரி. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' அனுப்பியவன் ஜார்லிக்.

அக்டோபர் 22

ஜார்லிக்கிடம் கேட்டேன். அன்றைக்கு என்ன அனுப்பி அழித்தாய் என்று. ரொம்ப நேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தான்.

"பேருதான் அக்கா. எம்பேரும் அப்பா பேரும். நீங்க அப்படிச் சொன்னதும் எனக்கு வெக்கமாப் போச்சு."

ஏன்டா என்கிட்டச் சொல்லல என்று கேட்க வாய் வந்தது. எந்த முகத்தோடு கேட்பது? அவனுக்குப் பேர் கிடைக்காமல் போனது தாலாயால் இல்லை. என்னால். அவன் அப்பா அவனைப் பொய்யன் என்று நினைப்பதும் என்னால். அதற்கும் சேர்த்து நான் இன்னொருத்தனை ஊர் நடுவில் நிறுத்தி அடிக்க வைத்தேன்.

சீ.

அக்டோபர் 23

மார்ச் மாதத்துச் செய்தியைப் படம் பிடித்து அதே மன்றத்தில் போட்டேன். தப்பு என்னுடையது, தாலாய் கேட்டான், நான்தான் தடுத்தேன் என்று எழுதினேன். இரண்டாயிரத்து முந்நூறு பேரில் இன்று வந்தவர்கள் பதினொன்று. அதில் ஒருவன், 'இப்ப இதெல்லாம் எவனுக்கு வேணும்' என்கிறான். கூட்டம் வேறு சண்டைக்குப் போய்விட்டது.

தாலாய்க்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படிக்கவில்லை.

அக்டோபர் 28, சனி

அட்-பாஷி போனேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு. அசில்பெக் ஐயாவிடம் நேரில் சொல்லாமல் இது தீராது.

சொன்னேன். முழுசும் கேட்டார். பிறகு, "அவன் எழுதினதைக் காட்டு," என்றார்.

முதல் தடவையாக எங்கள் மொழியில் ஆட்டத்தை ஆடினேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தார். இப்படியா குதிரைக்குச் சுமை ஏத்துவாங்க, வயித்துப் பட்டை எங்க, இந்த நாயை எவன் கட்டிப்போட்டான் என்று. இரண்டாம் அத்தியாயத்தில் கிழட்டுக் குதிரைக்காரன் வந்தான். ஜார்லிக்கின் வரிகள். சேற்றில் சிக்கிய பையனைப் பார்த்துக் கத்துகிறான்: 'கால் ரெண்டு இருக்கு, கண்ணு ரெண்டு இருக்கு, எதை வச்சுடா இந்தச் சேத்துல இறங்கின?'

ஐயா வாசிப்பதை நிறுத்தினார்.

"இது நான் திட்டறது," என்றார். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. இது நாந்தானே?"

அந்தம்மா வந்து படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வரிக்கும் இருவரும் சிரித்தார்கள். மகன் பேர் திரையில் இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனார்கள்.

மூன்று மணிக்கு நாலாம் அத்தியாயம். சத்திரக்காரி கதவைத் திறந்தாள், குதிரையை வெளியே கட்டு என்றாள். கட்டப் போனேன். தொழுவத்துக்குப் பக்கத்துச் சுவர், நான்கு தடவை கடந்துபோன வெறும் சுவர். அதில் ஏதோ கிறுக்கியிருந்தது. கிட்டே போனேன்.

ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு பேர்.

ஆணியால் கீறியது போல. முழுப் பேர் தெரியாதவர்களுக்கு எங்கள் குழுவில் இருக்கும் பட்டப்பேர். எண்ணிக்கொண்டே வந்தேன். கண் மட்டத்தில், மற்றதைவிடப் பெரிதாக: 'ஜார்லிக், அசில்பெக் மகன்.' அழிப்பதற்குள் தாலாய் பார்த்திருக்கிறான். பார்த்ததை வைத்திருக்கிறான். பட்டியலில் போட முடியாததைச் சுவரில் போடச் சொல்லி அந்தக் கம்பெனியிடம் கெஞ்சியிருக்க வேண்டும். ஆட்டத்துக்குள் ஒளித்து வைத்ததை வெளியே சொல்லிக் கெடுக்கக் கூடாது, ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் ஆடுகிற எங்கள் ஆட்களுக்கு அது சத்தியம் மாதிரி. அம்மாவைத் திட்டியபோதும் அவன் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கத்தினேனே, ஒரு நாளாவது ஆடினேனா நான்?

ஐயா திரையில் விரலை வைத்து மகன் பேரைத் தடவினார். கீழே, தரையை ஒட்டி ஒரு செங்கல் இருந்தது. "இது யாரு?" என்றார். 'புருல் அக்கா வேண்டாம் என்றார்' என்று எழுதியிருந்தது. நான்தான் ஐயா என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது, அவர் வீட்டில், அவர் மனைவி முன்னால்.

சுவரில் பதினெட்டுச் செங்கல். தாலாயின் பேர் இல்லை.

அவர்கள் ஆடு அடித்திருந்தார்கள். கிளம்பும்போது ஐயா, பெரிய விருந்தாளிக்கென்று வைக்கிற இடுப்பெலும்புக் கறியைத் துணியில் கட்டிக் கொடுத்தார்.

"அஷார் கூப்பிட்டவன்தான் சோறு போடணும். அவனைப் போட விட்டீங்களா நீங்க? இது அவன் பங்கு. கொண்டுபோய்க் கையில குடு."

அக்டோபர் 31

செய்தி இன்னும் படிக்கப்படவில்லை. கறி பனிப்பெட்டியில் இருக்கிறது. பெரிசாத் என் சனிக்கிழமை வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 4, சனி

ஆறு மணி நேரம், பங்கு டாக்சியில், மடியில் கறிப் பொட்டலம். பிஷ்கெக்கில் நாலாவது மாடி. கதவைத் திறந்தது தாலாய்தான். வீடியோவில் பார்த்ததைவிட ஒல்லி. உள்ளே அவன் அம்மா யாரென்று கேட்டார். அவன் கதவைப் பாதி சாத்திக்கொண்டான்.

"சுவரைப் பார்த்தேன்," என்றேன். "அசில்பெக் ஐயா குடுத்தார். உன் பங்கு."

வாசற்படிக்கு மேலே வைத்து எதுவும் கைமாறக் கூடாது என்று அவன் ஒரு அடி வெளியே வந்து வாங்கிக்கொண்டான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சரி, நான் போகிறேன் என்று திரும்பினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன்.

"அக்கா."

கையில் ஒரு முழு ரொட்டியோடு நின்றான். வாசலுக்கு வந்தவரை ரொட்டியை வாயில் வைக்காமல் அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"வாயில வச்சிட்டுப் போங்க."

ஏறி வந்தேன். ஒரு விள்ளல் பிய்த்து, நின்றபடியே சாப்பிட்டேன். அன்று சுட்டது, இன்னும் சூடு இருந்தது.