இடுப்பு வலிக்கு ஒரு செட்

மச்சான்,

உன் தறியில் இன்று புதுப் பாவு ஏற்றினோம். உட்காரும் பலகையைத் துடைக்க எடுத்தபோது அதன் அடியில் ஒரு சின்னக் காகிதக் கவர் கிடந்தது. உள்ளே மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று மாத்திரைகள். அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துப் போட்டவை. ஒன்றிலும் பெயர் மிஞ்சவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தறிக்குழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முகூர்த்த மாதம் வந்து புடவை ஆர்டர் குவிந்தால் நம் தெருவில் பாதிப் பேர் மருந்துக்கடையில்தான் நிற்போம். இடுப்பு வலிக்கு ஒரு செட் என்றால் போதும், கடைக்காரர் பல அட்டைகளிலிருந்து வெட்டிக் கவரில் போட்டுவிடுவார். நானும் வாங்கியவன்தான். ஆனால் நீ கடைசியாக செட் வாங்கிய வருடத்துக்கு முந்தைய வருடம்தான் உனக்கு வேலூரில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அதைக் கடையில் சொன்னாயா என்று கேட்டேன். நீ தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னாய்.

"அது நெஞ்சுக்கு, இது இடுப்புக்கு. ரெண்டுத்துக்கும் இன்னா மச்சான் சம்பந்தம்?"

பொழுதெல்லாம் பாவு நூலையும் ஊடை நூலையும் சேர்த்து நெய்கிறவன் பேசுகிற பேச்சா அது? வாய்ப்பேச்சில் உன்னை யாரும் ஜெயித்ததில்லை.

பிறகு உன் முகம் வெளுத்தது. தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. மலம் கறுப்பாகப் போகிறது என்று தங்கச்சி என்னிடம் வந்து பயந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். தறியில் இருக்கும் புடவையை நெய்து அறுத்துவிட்டு வருகிறேன் என்றாய்.

"கேவுரு களி துன்னா கறுப்பாத்தான் போவும். இத்த பெரிசா பேசிகினு வந்துட்டியா?"

களி அல்ல, ரத்தம். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்க, நெஞ்சு மாத்திரை அந்த ரத்தத்தை நிற்கவிடவில்லை என்று, கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது வேலூர் டாக்டர் சொன்னார். என்னென்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டார். மஞ்சள், வெள்ளை என்றாள் தங்கச்சி. அதற்கு மேல் எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. நீ போன பிறகு அந்தப் புடவையின் மீதியை நான்தான் நெய்து அறுத்தேன். அழுதுகொண்டே நெய்தேன்.

உன் வீட்டில் இப்போது களி கிண்டுவதில்லை. களி என்ன பாவம் செய்தது என்று கேட்டுப் பார்த்தேன்.

"அத்த நம்பித்தானே அண்ணா நானும் சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

எனக்கும் இப்போது பிரஷர் மாத்திரை. பெயர் உள்ள அட்டையைச் சட்டைப் பையில் வைத்தே திரிகிறேன். கடையில் வலி என்று வாயைத் திறக்குமுன் அதை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் ஜல்தி ஆகட்டும் என்று முணுமுணுக்கிறார்கள். போன வாரம் கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாங்க என்றார். தைலம் மட்டும் வாங்கி வந்தேன்.

இடுப்பு வலிக்கிறது மச்சான். வலித்துக்கொண்டே உன் தறியில் உட்கார்ந்திருக்கிறேன்.