உன் பாட்டுக்கு மரியெல்லா சொன்ன கருத்து

ஹம், ஜெர்மனி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் அனுஜனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மிலானோவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடியில்லாமல் இருக்க அம்பாளைக் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் கதையை மாற்றிவிடுவாய், அதுதான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் நோ, டெர்மின் எடுத்து நேரம் குறித்துக் கொடுத்தாலும் டாக்டரிடம் போகமாட்டார், பிடிவாதத்தில் உன்னை மாதிரித்தான். போன சனிக்கிழமை உன் தங்கச்சி சயந்தினியின் பிறந்தநாளை மண்டபம் எடுத்துச் செய்தோம், உன் இத்தாலியன் ராப் பாட்டைப் பெரிதாகப் போடச் சொன்னேன். எனக்கு ஒரு சொல் விளங்காது, ஆனால் இளசுகள் அது முன்னுக்கு வாறதைப் பற்றின பாட்டு என்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று கைதட்டினேன். விருந்துக்கு வந்திருந்த சியாமளா, உங்கட பெடியன் பெரியாளா வந்திட்டான் அக்கா என்றாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரி மரியெல்லாவிடம் பாட்டைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்டேன். உருளைக்கிழங்கு உரிப்பதை விட்டுவிட்டு ஜெர்மனில் வரிவரியாகச் சொன்னாள். பெரிய மேடை வேண்டும், சுவரெல்லாம் என் பெயர் வேண்டும், தோற்றால் திரும்பமாட்டேன், அதெல்லாம் சரி. பிறகு சனம் சேர்ந்து கத்துகிற இடம் வந்தது. எங்கள் ஆட்களில் புறப்படுகிறவரை, போயிட்டு வா என்றுதான் அனுப்புவார்கள், என் அம்மா ரயிலடியில் போ என்று மட்டும் சொன்னாள், அதனால் போகிறேன், மேலே மேலே போகிறேன் என்று பாடுகிறாயாம். அதற்குத்தான் நான் கைதட்டியிருக்கிறேன். உண்மையாகவே அப்படியா சொன்னாய் என்று மரியெல்லா கேட்டாள். ஓம் என்றேன்.

அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாய் என்ற ஆத்திரம் ராசா. ரயில் கதவு மூடும்வரை நீ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய், தெரிந்தும் பேசாமல் நின்றேன். மூன்று வருஷமாகிறது. உன்னைப் பார்க்காமல் ஏலாமல் இருக்கிறது. இன்றைக்கும் கை தவறி உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவேன், அப்பா ஒன்றும் கேட்காமல் அடுத்த நாள் அந்தப் பழஞ்சோற்றைச் சாப்பிடுவார். மேடை ஏறு, பெயர் எடு, நான் மறிக்கவில்லை. ஆனால் தோற்றால் வரமாட்டேன் என்கிற வரியை மட்டும் எனக்குப் பாடாதே. ஒன்றுமில்லாமல் வந்தாலும் கதவு திறக்க நான்தான் ஓடிவருவேன்.

அம்பாள் உன் குரலையும் உடம்பையும் காக்கட்டும். பாடி முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, மல்லிக்கோப்பி குடி. அன்றைக்கு ரயிலடியில் வாய்க்குள் வைத்துக்கொண்டதை இப்போது எழுதுகிறேன்.

போயிட்டு வா, ராசா.

உன் அம்மா
சந்திரகாந்தி