பஸ்ஸுக்குள் இங்கிலீஷ் கூடாது

குவானஹுவாதோ, மெக்சிகோ
26 ஜூன் 1988

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் சுகம். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார குக்கா அம்மா காலையில் பீன்ஸ் போடுகிறார், மதியமும் பீன்ஸ், இரவில் “வயித்துக்கு லேசா” என்று மறுபடியும் பீன்ஸ்.

ஸ்பானிஷ் பள்ளியில் என்னை ஆரம்ப வகுப்பில் போட்டார்கள். பெயர் மினர்வா ட்ரெவின்யோ, முகமும் இந்த ஊர் முகம், வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வராது. சந்தையில் தக்காளிக்காரி, “ஏன்டி பொண்ணே, ஊமையா நீ?” என்று கேட்டுவிட்டாள். விஸ்கான்சினிலிருந்து என்னைப்போலப் படிக்க வந்த மஞ்சள் முடி ஹாங்க் எனக்காகப் பேரம் பேசினான். மானம் போயிற்று.

ஆனால் மத்தியானங்கள் பிரமாதம். நடன வகுப்பு, சமையல் வகுப்பு, சாயங்காலம் கிதார்க்காரர்களோடு சந்து சந்தாகப் பாடிக்கொண்டு நடை. நேற்று பள்ளி பஸ்ஸில் பக்கத்து ஊரான டோலோரஸ் ஹிதால்கோவுக்குப் போய் அவகாடோ ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். பஸ்ஸில் எங்களைக் கூட்டிப்போகும் ஃபெர்மின் மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: “இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வந்தாலும் முன்னாடி வந்து நின்னு பாடணும்!” நான் நான்கு தடவை பாடினேன். பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது.

உங்கள் மகள்,
மினர்வா


சான் அந்தோனியோ, டெக்சஸ்
6 ஜூலை 1988

மினர்வா கண்ணு,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் மூன்று மெக்கானிக்குகளுக்குப் படித்துக் காட்டினேன். நான்காவது ஆள் பஸ்ஸுக்கு அடியில் புகுந்து தப்பித்துக்கொண்டான். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, செப்டம்பரில் டீச்சர் வேலை, இப்போது வெளிநாட்டுப் படிப்பு. சொல்லாமல் இருக்க முடியுமா?

அந்த பஸ் விஷயத்தை மட்டும் படிக்காமல் விட்டேன். பேசிய மொழிக்காக ஒருத்தரை எழுப்பி முன்னால் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. இனி அந்த பஸ்ஸில் ஏறாதே. மேற்கொண்டு கேட்காதே.

அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

அப்பா


குவானஹுவாதோ
17 ஜூலை 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று எல்லோரும் வெள்ளிச் சுரங்கம் பார்க்கப் போனார்கள். நான் உங்கள் பேச்சைக் கேட்டு, குக்கா அம்மாவோடு மிளகாய் வறுத்துத் தோல் உரித்தேன். கை இன்னும் எரிகிறது. மனசும்தான்.

கேட்காதே என்றீர்கள், கேட்கிறேன். நீங்களும் அம்மாவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பானிஷ் பேசுவீர்கள். நான் கதவைத் திறந்தால் உடனே இங்கிலீஷ். வீட்டிலேயே இருந்ததைத் தேடி இவ்வளவு தூரம் வந்து, முன்பின் தெரியாதவர்களிடம் கற்றுக்கொள்கிறேன். அதையும் நீங்களே தடுக்கிறீர்கள்.

குக்கா அம்மாவிடம் சொன்னேன். “கோபத்தை எங்கிட்ட காட்டி என்னடி பண்ண? உங்கப்பனுக்கு எழுது” என்றார். எழுதிவிட்டேன். ஏன் அப்பா?

மினர்வா


சான் அந்தோனியோ
27 ஜூலை 1988

மினர்வா,

இதை உன் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

முதல் வகுப்பில் எனக்கு ஆறு வயது. தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்டேன், தெரிந்த ஒரே மொழியான ஸ்பானிஷில். பள்ளிக்கூடத்துக்குள் அந்த மொழி கூடாது. டீச்சர் கரும்பலகையில் சாக்பீஸால் சின்ன வட்டம் போட்டு, அதற்குள் மூக்கை வைத்து நிற்கச் சொன்னாள். வட்டத்தை என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டிருந்தாள். மணி அடிக்கும்வரை நுனிக்காலில் நின்றேன். பின்னால் சிரித்தவர்களில் என் மாமா மகனும் ஒருவன். அவன் முறை மறுநாள் வந்தது.

என் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நீ இரண்டாம் வகுப்பில் படபடவென்று இங்கிலீஷில் பதில் சொன்னதை ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தக்காளிக்காரி முன்னால் நீ வாயடைத்து நின்றதைப் படித்த பிறகுதான், உன்னிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டேன் என்று புரிந்தது. என்னை மன்னித்துவிடு.

பஸ்ஸில் ஏறு. ஊரெல்லாம் சுற்று.

அப்பா


குவானஹுவாதோ
7 ஆகஸ்ட் 1988

என் அருமை அப்பாவுக்கு,

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விருந்திலும் ஒரு மாணவர் ஸ்பானிஷில் பேச வேண்டும். இந்த வாரம் என் முறை. எல்லோரும் ஊர் சுற்றியதைப் பற்றிப் பேசுவார்கள். நான் உங்கள் இங்கிலீஷ் கடிதத்தை ஸ்பானிஷில் மாற்றி வாசித்தேன். தட்டுத் தடுமாறித்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. குக்கா அம்மா எழுந்து நின்று, “உங்கப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு எழுதுடி” என்றார்.

நேற்று பஸ்ஸில் ஃபெர்மின் மாஸ்டர், “எனக்குத் தெரியாம போச்சும்மா. அந்தச் சட்டம் இனி கிடையாது” என்றார். “பாட்டை நிறுத்தாதீங்க மாஸ்டர். ஆசைப்படுறவங்க வந்து பாடட்டும்” என்றேன், முழுக்க ஸ்பானிஷில். ஹாங்க்தான் முதலில் ஓடினான். கழுதைக் குரல். அடுத்தது நான்.

நான் அன்செல்மோ ட்ரெவின்யோவின் மகள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒரே ஒரு ஆசை. அடுத்த கடிதம் ஸ்பானிஷில் எழுதுவீர்களா? இருபத்தேழாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

மினர்வா


சான் அந்தோனியோ
16 ஆகஸ்ட் 1988

மகளே,

இது ஸ்பானிஷ். எழுதப் படித்ததே இல்லை, பேசுகிறபடியே எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். நாலு தாளைக் கிழித்தாயிற்று.

உன்மேல் கோபம் இல்லை. நீ வாசித்தாய் என்று படித்ததும் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருஷம் அவமானம் என்று மறைத்து வைத்ததை, என் பெண் ஊருக்கு நடுவில் நின்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இது போதும்.

இருபத்தேழாம் தேதி பஸ் நிலையத்தில் இருப்பேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். என்னைக் கண்டதும் நீ அவசரப்பட்டு எதுவும் பேசிவிடாதே. முதல் வார்த்தையை நான்தான் பேசுவேன், சத்தமாக, இந்த மொழியில்.

உன் அப்பா,
அன்செல்மோ